பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவாரா? ஆய்வுத் தரவுகளும் அந்தரங்கமும்

மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ ஆய்வு ஒன்றில் பங்கேற்க அழைக்கப்படுவோரிடம் கொடுக்கப்படும் படிவத்தில் ஒரு வாக்குறுதி ஏறக்குறையத் தவறாமல் இடம்பெறும். பெயர், அடையாள அட்டை எண் போன்றவை நீக்கப்பட்ட பிறகே தகவல்கள் பயன்படுத்தப்படும் என்பது அதன் சாரம். அந்த வரியைப் பார்த்ததும் பலர் நிம்மதியாகக் கையொப்பமிட்டுவிடுகின்றனர்.

பெயர் இல்லையென்றால் ஆள் யாரென்று தெரியப்போவதில்லை என்பது இயல்பான எண்ணம்தான். ஆனால், கடந்த 30 ஆண்டுகளில் அந்த எண்ணம் பலமுறை பொய்த்துப்போயிருக்கிறது. கவனக்குறைவான சின்னஞ்சிறு நிறுவனங்களில் மட்டுமல்ல, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டோம் என்று அரசாங்கத் துறைகளே நம்பிய இடங்களிலும் அது நடந்தது.

சிறுபான்மைச் சமூகங்கள் இதில் கூடுதல் அக்கறை காட்டவேண்டிய காரணம் உண்டு. கூட்டம் பெரிதாக இருந்தால் ஒருவர் அதில் கலந்துவிடலாம். கூட்டம் சிறிதாக இருந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஒரு புளோக், ஒரு கணக்கு

சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1995ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பொதுவாக ஒவ்வொரு வீவக புளோக்கிற்கும் தனிக் குறியீடு உண்டு. கடிதம் சேர்ப்பவருக்கு இது பெரிய வசதி. தரவைப் பாதுகாக்கவேண்டியவருக்கோ பெரிய தலைவலி.

ஒரு புளோக்கில் 100 வீடுகள், வீட்டுக்கு மூவர், ஆக 300 பேர் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. அந்தக் கணக்கில் புளோக்கில் ஏறத்தாழ 27 இந்தியர்கள் இருப்பார்கள். அவர்களில் பெண்கள் 13 அல்லது 14 பேர். கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லா வயதினரும் அதில் அடக்கம். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் பிறந்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம்.

அதே புளோக்கில் சீனப் பெண்கள் 110 பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு, அதே ஆண்டில் பிறந்த இன்னொருவராவது துணைக்கு இருக்க வாய்ப்புண்டு. இந்தியப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

ஆக, அஞ்சல் குறியீடு, இனம், பால், பிறந்த ஆண்டு என்ற நான்கு விவரங்கள் போதும். நான்கில் எதுவும் பெயரல்ல. எதுவும் ரகசியமும் அல்ல. அண்டைவீட்டுக்காரருக்கு நான்கும் தெரியும். அந்த வரிசையில் ஐந்தாவதாக ஒரு நோயின் பெயர் இருந்தால், அது யாருடைய நோய் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். விவரமறிந்த ஆய்வாளர்கள் அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவதும், பிறந்த ஆண்டுக்குப் பதிலாக 40 முதல் 49 வயது வரை என்பதுபோல் குறிப்பதும் இதனால்தான்.

ஆளுநரின் மருத்துவக் குறிப்பு

இந்த ஆபத்தை உலகுக்கு உணர்த்திய சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் காப்புறுதியைக் கவனித்துவந்த ஆணையம், 1990களின் நடுப்பகுதியில் சுமார் 135,000 ஊழியர்கள், அவர்களது குடும்பத்தினர் தொடர்பான மருத்துவத் தகவல்களை ஆய்வாளர்களுக்கு வழங்கியது. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்தன. பிறந்த தேதி, பால், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே விடப்பட்டிருந்தன. வயதும் வட்டாரமும் தெரியாமல் நோயைப் பற்றி ஆராய்வது கடினம் என்பதால் அவை தேவைப்பட்டன.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அப்போது பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனிக்கு அந்த மூன்று விவரங்கள் மீது சந்தேகம் எழுந்தது. அவர் 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். அதில் ஏறக்குறைய 54,000 பேரின் பெயர், முகவரியோடு பிறந்த தேதியும் பாலும் அஞ்சல் குறியீடும் இருந்தன.

மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் அந்த நகரில்தான் வசித்தார். 1996ஆம் ஆண்டு மே மாதம் பட்டமளிப்பு விழா ஒன்றில் அவர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்தி ஊடகங்களில் வந்திருந்தது. பட்டியலில் அவருடைய பிறந்த தேதி கொண்டவர்கள் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் அவர் ஒருவரே. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும், பெயர் நீக்கப்பட்ட மருத்துவக் குறிப்புகளில் ஆளுநருடையது எது என்பது தெரிந்துவிட்டது.

எந்தக் கணினியையும் யாரும் ஊடுருவவில்லை. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. இரண்டு பட்டியல்கள் ஒன்றுசேர்ந்தன, அவ்வளவுதான்.

அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரை அந்த மூன்று விவரங்களை மட்டும் கொண்டு தனித்து அடையாளம் காண முடியும் என்று 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் ஸ்வீனி பின்னர் கணித்தார். 2006ஆம் ஆண்டில் பிலிப் கோல் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு மறுபடியும் கணக்கிட்டபோது அது 63 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்தாலும் பாதிக்கு மேல்தான்.

ஆளுநர் கதைக்கு மறுப்பும் உண்டு. வாக்காளர் பட்டியலில் நகரவாசிகள் எல்லாரும் இடம்பெறுவதில்லை. பட்டியலில் இல்லாத இன்னொருவருக்கும் அதே பிறந்த தேதி இருந்திருக்கலாம். ஆளுநர் பிரபலமானவர், மயங்கி விழுந்த செய்தியும் வெளியாகியிருந்தது என்பதால்தான் உறுதிசெய்ய முடிந்தது என்று டேனியல் பார்த்-ஜோன்ஸ் என்ற நோய்ப்பரவலியல் ஆய்வாளர் பிறகு வாதிட்டார். நியாயமான வாதம்தான். ஆனால், சிறிய சமூகத்துக்குள் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த செய்தி பரவ நாளிதழ் தேவையில்லை. கோயிலிலும் காப்பிக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அது ஒரே நாளில் பரவிவிடும்.

வேப்பம்பூ காட்டிக்கொடுத்த பாண்டியன்

பெயர் சொல்லாமலே ஆளைக் கண்டுபிடிப்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் பெயரைக் குறிப்பிடக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, பிரிவால் வாடும் அரசியைப் பற்றியும் பாசறையில் இருக்கும் அரசனைப் பற்றியும் பேசுகிறது. அரசனின் பெயர் பாட்டில் எங்கும் இல்லை. பார்வைக்கு அது அகப்பாட்டு.

ஆனால், பாசறைக் காட்சியில் வரும் வேலில் வேப்பம்பூ மாலை கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்களின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பே தலைவனைச் சுட்டிக்காட்டிவிடுவதால் இதனை அகம் என்று சொல்ல முடியாது, புறம் என்றே கொள்ளவேண்டும் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொன்னார். பெயரை நீக்கினாலும் வேப்பம்பூவை விட்டுவைத்தால் பயனில்லை என்பது இன்றைய தரவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் அதே செய்தி. பிறந்த தேதியும் அஞ்சல் குறியீடும் இன்றைய வேப்பம்பூக்கள்.

கவனமாகச் செய்தும் தோற்ற ஆஸ்திரேலியா

மாசசூசெட்ஸ் சம்பவம் அனுபவமில்லாத காலத்தில் நடந்தது எனலாம். ஆஸ்திரேலியாவில் நடந்ததற்கு அந்தச் சாக்கு இல்லை.

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரேலியச் சுகாதாரத் துறை, மக்கள்தொகையில் 10 விழுக்காட்டினரின் மருத்துவக் கட்டணப் பதிவுகளை இணையத்தில் வெளியிட்டது. ஏறத்தாழ 2.9 மில்லியன் பேர் சம்பந்தப்பட்ட அந்தத் தொகுப்பில், மருத்துவரைப் பார்த்த விவரங்கள் 1984ஆம் ஆண்டிலிருந்தே இருந்தன. மருந்து வாங்கிய விவரங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம்.

துறை அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு வெளியிடவில்லை. நோயாளிகள், மருத்துவர்கள் இருதரப்பின் அடையாள எண்களும் மறைகுறியீடாக மாற்றப்பட்டன. பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டு மட்டுமே கொடுக்கப்பட்டது. சிகிச்சைத் தேதிகள் சில நாள்கள் முன்னும் பின்னுமாக நகர்த்தப்பட்டன. மிக அரிதான சிகிச்சைகள் நீக்கப்பட்டன.

அடுத்த மாதமே மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிறிஸ் கல்நேன், பெஞ்சமின் ரூபின்ஸ்டைன், வனெஸா டீக் மூவரும் மருத்துவர்களின் மறைகுறியீட்டை உடைக்க முடிவதைக் கண்டுபிடித்துத் துறைக்குத் தெரிவித்தனர். தரவு உடனே இணையத்திலிருந்து அகற்றப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, எந்தக் குறியீட்டையும் உடைக்காமலே நோயாளிகளையும் அடையாளம் காண முடியும் என்று காட்டியது. ஒரு பெண் எந்தெந்த ஆண்டுகளில் பிள்ளை பெற்றார் என்பதும், ஒரு விளையாட்டாளர் எப்போது அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பதும் பொதுவெளியில் உள்ள தகவல்கள். அத்தகைய இரண்டு மூன்று தகவல்கள் பொருந்தும் பதிவு 2.9 மில்லியனில் ஒன்றே ஒன்றாக இருந்தால், அந்தப் பதிவிலுள்ள மற்ற 30 ஆண்டு மருத்துவ வரலாறும் கூடவே வந்துவிடும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்பட நன்கு அறியப்பட்ட எழுவரின் விவரங்களுக்கு அப்படித் தனித்துப் பொருந்தும் பதிவுகள் கிடைத்தன. ஆய்வாளர்கள் அவர்களின் பெயரை வெளியிடவில்லை.

வெளியிட்ட தரவைத் திரும்பப் பெற முடியாது என்பது இதில் கசப்பான பகுதி. இணையப்பக்கத்தை மூடலாம். ஏற்கெனவே பதிவிறக்கம் செய்தவரின் கணினியிலிருந்து அதை எப்படி எடுப்பது?

அடையாள அட்டை எண்ணை மறைத்தால் போதுமா?

பெயருக்குப் பதிலாக ஒரு சங்கேத எண்ணைக் கொடுப்பது பரவலான வழக்கம். அது எந்த அளவுக்கு உறுதியானது என்பது எண்ணை உருவாக்கிய விதத்தைப் பொறுத்தது.

நியூயார்க் நகரின் டாக்சிப் பயணங்கள் பற்றிய தரவு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதில் 170 மில்லியனுக்கும் அதிகமான பயணங்கள் இருந்தன. டாக்சி உரிம எண்கள் 'ஹேஷ்' எனப்படும் கணித முறையால் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டிருந்தன. அந்த முறையில் எழுத்துக்கோவையிலிருந்து எண்ணுக்குத் திரும்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால், உரிம எண்கள் எத்தனை வகையாக அமையலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. மென்பொருள் பொறியாளர் ஒருவர் அத்தனை எண்களையும் வரிசையாக அதே முறையில் மாற்றிப் பார்த்து, சில மணி நேரத்தில் முழுப் பட்டியலையும் அவிழ்த்துவிட்டார். டாக்சியில் ஏறும் பிரபலங்களின் படங்களோடு ஒப்பிட்டு, யார் எங்கு போனார், ஓட்டுநருக்கு எவ்வளவு 'டிப்ஸ்' கொடுத்தார் என்பது வரை வேறு சிலர் தேடிப் பார்த்தனர்.

சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணில் இருப்பவை ஏழு இலக்கங்களும் இரண்டு எழுத்துகளும். கடைசி எழுத்து, மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் சரிபார்ப்பு எழுத்து. எனவே, ஒரு முதலெழுத்துக்கு அதிகபட்சம் 10 மில்லியன் எண்கள்தான். இன்றைய கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. அடையாள அட்டை எண்ணை 'ஹேஷ்' செய்துவிட்டோம், இனிப் பாதுகாப்புதான் என்று யாராவது சொன்னால், கூடவே ரகசியச் சாவி ஏதேனும் சேர்க்கப்பட்டதா என்று கேட்கவேண்டும்.

கடைசி மூன்று இலக்கங்களையும் எழுத்தையும் மட்டும் காட்டும் வழக்கமும் அப்படித்தான். 1968ஆம் ஆண்டு முதல் பிறந்தவர்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பொதுவாகப் பிறந்த ஆண்டைக் குறிக்கும். பிறந்த ஆண்டு தெரிந்தவருக்கு, தெரியாமல் மிஞ்சுவது நடுவில் உள்ள இரண்டு இலக்கங்களே. அதற்கு 100 சாத்தியங்கள். சரிபார்ப்பு எழுத்தைக் கொண்டு சலித்தால் ஏறத்தாழ 9 மிஞ்சும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அக்ராவின் 'பிஸ்ஃபைல்' இணையவாசலில் முழு அடையாள அட்டை எண்கள் தெரிந்ததால் சர்ச்சை எழுந்தபோது, பகுதி மறைத்த எண்ணிலிருந்து முழு எண்ணை ஊகிப்பது எளிது என்று அரசாங்கமே விளக்கியது நினைவிருக்கலாம்.

மலேசியாவின் 'மைகேட்' எண் இன்னும் வெளிப்படையானது. 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் அல்லது நாடு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இறுதி நான்கு இலக்கங்களை மறைத்தாலும் பிறந்த தேதியும் இடமும் கண்ணெதிரே நிற்கும்.

படம் பார்த்ததும் அடையாளம்தான்

வயது, முகவரி போன்றவற்றை மட்டும் கவனித்தால் போதும் என்ற நம்பிக்கையை உடைத்தது நெட்ஃபிளிக்ஸ் தரவு. அந்நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஏறத்தாழ 480,000 வாடிக்கையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த 100 மில்லியன் மதிப்பீடுகளைப் போட்டி ஒன்றுக்காக வெளியிட்டது. பெயரும் இல்லை, வயதும் இல்லை. எந்தப் படம், எத்தனை நட்சத்திரம், எந்தத் தேதி என்பது மட்டுமே இருந்தது.

சென்னை ஐஐடியில் படித்தவரும் அப்போது அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவருமான அர்விந்த் நாராயணன், தம் பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து அதை ஆராய்ந்தார். ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால், அவற்றில் இரண்டு தவறாக இருந்தாலும், தேதிகள் இரண்டு வாரம் வரை பிசகினாலும், 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்துக் காண முடியும் என்று அவர்கள் காட்டினர். திரைப்பட இணையத்தளம் ஒன்றில் சொந்தப் பெயரில் எழுதியவர்களின் விமர்சனங்களே ஒப்பிடப் போதுமானதாக இருந்தன. வழக்கு வந்தது. இரண்டாவது போட்டியை நெட்ஃபிளிக்ஸ் 2010ஆம் ஆண்டில் கைவிட்டது.

கைத்தொலைபேசித் தரவும் வேறல்ல. 1.5 மில்லியன் பேரின் 15 மாத நடமாட்டத்தை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, ஒருவர் எந்த நேரத்தில் எங்கிருந்தார் என்ற நான்கே தகவல்கள் 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டப் போதும் என்று கண்டறிந்தது.

மரபணுவின் நிலை எல்லாவற்றிலும் சிக்கலானது. மற்ற தரவுகளில் அடையாளத்தை நீக்கலாம். மரபணுவோ தானே அடையாளம். 2013ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள், இணையத்தில் கிடைத்த மரபணுத் தகவல்களைக் குலவழித் தேடல் இணையத்தளங்களோடு ஒப்பிட்டு, குடும்பப் பெயரைக் கண்டுபிடித்து, அதன்வழி சுமார் 50 பேரை அடையாளம் கண்டனர். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குரோமோசோமும் குடும்பப் பெயரும் ஒன்றாகப் பயணம் செய்வதால் அது சாத்தியமானது. தலைமுறைக்குத் தலைமுறை தலைப்பெழுத்து மாறும் தமிழர்களிடம் அந்தக் குறிப்பிட்ட உத்தி பலிக்காது. ஆனால், உறவினரின் மரபணுவோடு ஒப்பிடும் வழி எல்லாருக்கும் பொருந்தும். ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் அவருடைய உடன்பிறப்புகளையும் பிள்ளைகளையும் சேர்த்தே தொடுகிறது. அவர்களிடம் யாரும் கையொப்பம் கேட்பதில்லை.

ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும்

எண்கள் இல்லாத ஆய்விலும் இதே பிரச்சினை உண்டு. நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்ட சமூகவியல் ஆய்வுகளில் 'திருவாட்டி அ', 'ஆசிரியர் ஆ' என்று மாற்றுப் பெயர் கொடுப்பது வழக்கம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி ஆர்தர் விடிச், ஜோசஃப் பென்ஸ்மன் இருவரும் எழுதிய நூல் 1958ஆம் ஆண்டில் வெளியானது. ஊருக்கு 'ஸ்பிரிங்டேல்' என்ற கற்பனைப் பெயர். மனிதர்களுக்கும் கற்பனைப் பெயர்கள். வெளியூர் வாசகருக்கு யார் யாரென்று தெரியாது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரையும் கண்டுகொண்டனர். அவ்வாண்டு சுதந்திர தின ஊர்வலத்தில், நூலில் தங்களுக்குத் தரப்பட்ட பெயர்களைத் தாங்கியபடி முகமூடி அணிந்து சிலர் பவனி வந்தனர். கடைசி வண்டியில் எரு ஏற்றி, அதன்மேல் ஆய்வாளரின் உருவபொம்மையைக் குனியவைத்திருந்தனர்.

அந்தரங்கம் என்பது முகம் தெரியாத திருடனிடமிருந்து மட்டும் காக்கவேண்டிய ஒன்றல்ல என்பதை அந்த ஊர்வலம் காட்டியது. ஐம்பதுகளில் இருக்கும் தமிழாசிரியை, மணமுறிவு பெற்றவர், கிழக்கு வட்டாரப் பள்ளி என்று ஓர் ஆய்வறிக்கை எழுதினால், சிங்கப்பூரின் பெரும்பாலான வாசகர்களுக்கு அவர் யாரோ ஒருவர். சக தமிழாசிரியர்களுக்கு அவர் யாரென்று தெரியாமல் இருக்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல்தான்.

அப்படியானால் பாதுகாப்பே இல்லையா?

இல்லை என்று சொல்லிவிடுவதும் தவறு. மேலே சொன்ன சம்பவங்களில் பெரும்பாலானவை, முழுத் தரவையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டதால் நேர்ந்தவை. மாசசூசெட்ஸ் சம்பவத்திற்குப் பிறகு அமெரிக்கா மருத்துவத் தரவுக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. 18 வகை விவரங்களை நீக்கவேண்டும். அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களை மட்டும், அதுவும் அந்தப் பகுதியில் 20,000 பேருக்கு மேல் வசித்தால்தான் வைத்துக்கொள்ளலாம். 89 வயதைத் தாண்டியவர்களை ஒரே பிரிவில் சேர்க்கவேண்டும். அவ்விதிப்படி அடையாளம் நீக்கப்பட்ட 15,000 பேரின் பதிவுகளைக் கொண்டு அமெரிக்க அரசுத் தரப்பு நடத்திய சோதனையில், இருவரை மட்டுமே சரியாக அடையாளம் காண முடிந்தது.

எந்த ஒருவரின் விவரமும் குறைந்தது இன்னும் சிலருடைய விவரத்தோடு ஒத்திருக்கும்படி தரவைத் திருத்துவது ஒரு முறை. 'கே-பெயரின்மை' எனப்படும் இதை வகுத்தவர்களில் ஒருவர் அதே லட்டான்யா ஸ்வீனி. இதிலும் ஓட்டை உண்டு. ஒத்திருக்கும் ஐவருக்கும் ஒரே நோய் இருந்தால், ஐவரில் யார் என்று தெரியாவிட்டாலும் நோய் என்னவென்று தெரிந்துவிடும்.

முடிவுகளோடு வேண்டுமென்றே சிறு பிழையைக் கலந்து வெளியிடுவது இன்னொரு முறை. சிந்தியா டுவோர்க் உள்ளிட்டோர் 2006ஆம் ஆண்டில் முன்வைத்த இந்த 'டிஃபரன்ஷியல் பிரைவசி' முறையை, 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்கா பயன்படுத்தியது. கணித அடிப்படையில் இதுவே உறுதியான வாக்குறுதி. ஆனால், 50,000 பேர் கொண்ட எண்ணிக்கையில் ஐந்து கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. 20 பேர் கொண்ட எண்ணிக்கையில் ஐந்து கூடினால் படமே மாறிவிடும். அதாவது, பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் சிறிய சமூகங்களைப் பற்றிய புள்ளிவிவரம்தான் இதில் அதிகம் கெடுகிறது.

இப்போது பல நாடுகளும் நாடும் வழி, தரவை வெளியே கொடுக்காமல் ஆய்வாளரை உள்ளே அழைப்பது. பூட்டிய கணினித் தளத்துக்குள் ஆய்வு நடக்கும். முடிவுகள் மட்டும் சரிபார்க்கப்பட்டு வெளியே செல்லும். சிங்கப்பூரின் 'டிரஸ்ட்' எனும் சுகாதார ஆய்வுத் தரவுத் தளம் அந்த வகையைச் சேர்ந்தது.

சட்டமும் துணைக்கு உண்டு. அடையாளம் நீக்கப்பட்ட தரவிலிருந்து ஒருவரை அனுமதியின்றி அடையாளம் காண்பது, 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அரசாங்கத் தரவுகளுக்கு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டத்தில் இதே போன்ற விதி உள்ளது. பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்கும் நோக்கில் செய்வோருக்கு விலக்கு உண்டு என்பது முக்கியம். மெல்பர்ன் ஆய்வாளர்கள் போன்றவர்கள் இல்லாவிட்டால் ஓட்டை இருப்பதே யாருக்கும் தெரியாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ வர்த்தக நடவடிக்கைகளுக்கே பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது.

சட்டத்தில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. முறையாக அடையாளம் நீக்கப்பட்ட தரவு, 'தனிநபர் தகவல்' என்ற வரையறையிலிருந்தே வெளியே போய்விடுகிறது. அதன்பிறகு அதை எதற்குப் பயன்படுத்தலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு மீண்டும் ஒப்புதல் தேவையில்லை. ஆகவே, உண்மையிலேயே அடையாளம் நீங்கியதா என்ற கேள்வி தொழில்நுட்பக் கேள்வி மட்டுமல்ல. சட்டப் பாதுகாப்பு எந்த இடத்தில் முடிகிறது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஒதுங்கி நிற்பதற்கும் விலை உண்டு

இத்தனையும் படித்தபின் ஆய்வே வேண்டாம் என்று சிலருக்குத் தோன்றலாம். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. ஏன் இந்த வேறுபாடு, எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதை இந்தியர்களின் தரவு இல்லாமல் ஆராய முடியாது. உலகின் மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரைக் கொண்டே நடந்தவை. 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 1,127 பேர் இந்தியர்கள். மக்கள்தொகையில் தங்களுக்குள்ள விகிதத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக அவர்கள் இடம்பெற்றதால்தான், இந்தியர்களைப் பற்றித் தனியாக எதையும் சொல்ல முடிந்தது.

பங்கேற்பவர் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, தரவு குறியீடு இடப்படுகிறதா, அடையாளம் முற்றாக நீக்கப்படுகிறதா என்பது. இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும் ஒன்றல்ல. குறியீடு இட்டால், எந்தக் குறியீடு யாருடையது என்று காட்டும் பட்டியல் எங்கோ ஓரிடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அது கசிய வாய்ப்புண்டு. ஆனால், சோதனையில் கவலைக்குரிய நோய் ஏதும் தென்பட்டால் அவரைத் தேடிச் சொல்ல முடியும். மனம் மாறினால் அவருடைய தரவை எடுத்துவிடவும் முடியும். பட்டியலை அழித்துவிட்டால் கசிய ஒன்றுமில்லை. தேடிச் சொல்லவும் எடுத்துவிடவும் வழியில்லை.

அடுத்தது, தரவு எங்கே இருக்கும், வேறு ஆய்வுகளுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் போகுமா, அஞ்சல் குறியீடும் இனமும் பிறந்த ஆண்டும் ஒன்றாகவே இருக்குமா என்பவை. நேர்காணல் என்றால், அச்சேறுமுன் தம்மைப் பற்றிய பகுதியைப் பார்க்கக் கிடைக்குமா என்றும் கேட்கலாம். படிவத்தில் பதில் இல்லாவிட்டால், கையொப்பமிடுமுன் ஆய்வாளரிடமோ, ஆய்வுக்கு அனுமதி வழங்கிய நெறிமுறைக் குழுவிடமோ விசாரிக்கலாம். குழுவின் தொடர்பு விவரம் பெரும்பாலும் தகவல் தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.